வெண்பா (வீடியோ விளையாட்டு)

வெண்பா என்பது, கனடாவிற் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்வைச் சமையலறை வழியாகச் சொல்லும் கதை விளையாட்டு. டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் இதனை ஆக்கி, 2023 ஜூலை 31 அன்று கணினியிலும், நின்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகிய சாதனங்களிலும் வெளியிட்டது. கதையை எழுதி, ஆட்டத்தின் அமைப்பை வகுத்தவர் அபி என்று ஒற்றைப் பெயரால் அறியப்படும் தமிழர். சித்திரங்களுக்குப் பொறுப்பேற்றவர் சாம் எல்கானா. இசையமைத்தவர் ஆல்பா சம்திங். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்குள் ஆடி முடித்துவிடக்கூடிய இச்சிறு படைப்பு, வீடியோ கேம் என்றாலே சுடுவதும் துரத்துவதும்தான் என்னும் எண்ணம் வேரூன்றிய ஒரு காலத்தில், ஒரு தாயின் துக்கத்தை ஆடுபவரின் கைகளிலேயே ஏற்றிவைத்த விதத்தால் தனித்து ஆராயத்தக்க சிறப்புடையதாகிறது.

கதை: 1988-ஆம் ஆண்டில், படிப்புக்கேற்ற உத்தியோகம் கிட்டாமல் அந்நிய தேசத்தில் குடித்தனம் தொடங்கியிருக்கும் வெண்பாவும் அவள் கணவன் பாவலனும், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தத்தளித்துக்கொண்டிருக்கும் வேளையில், அவள் கருவுற்றிருப்பது தெரியவருகிறது, பிறக்கப்போகும் குழந்தையை முன்னிட்டு அவர்கள் தங்கிவிடத் தீர்மானிக்கிறார்கள். அத்தீர்மானத்தால் விளைந்ததே பின்வரும் கதை. மகன் கவின் வளர்கிறான். தன் வீட்டுச் சாப்பாடும் தாய்மொழியும் தோழர்களிடையே தன்னை வேற்றாளாகக் காட்டுவதை உணர்ந்து, தாய் தமிழிற் கேட்பவற்றுக்கு ஆங்கிலத்தில் விடை சொல்லத் தொடங்குகிறான். பாவலன் வெளியில் தாக்கப்பட்டுக் காயமுற்று வீடு திரும்பும் நாள் ஒன்று வருகிறது. மகன் வருவான் என்று வெண்பா பற்பல பண்டங்களைச் சமைத்து வைத்துக் காத்திருக்க, அவன் வராமற்போகும் நாளும் வருகிறது. கணவனை இழந்த அவள் பின்னர்த் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுகிறாள். தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதும் தொழிலில் இருக்கும் கவின், அவளுடைய சமையற்குறிப்பு நூலைத் தன் கையால் எடுத்துப் புரட்டும் நிலைக்குக் காலம் கடந்து வந்து சேர்கிறான். இறுதியில் அவளைக் காண இந்தியாவுக்குப் பயணப்படுகிறான்.

குடிபெயர்ந்தோரைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் பிள்ளைகளின் நோக்கிலிருந்தே சொல்லப்படுகின்றன. பெற்றோர் அவற்றில் பிடிவாதக்காரராகவோ தியாகிகளாகவோ ஓரத்தில் நின்றுவிடுகிறார்கள். அபி வேண்டுமென்றே அந்த முறையை மாற்றி, தாயையே கதைக்கு நடுநாயகமாக வைத்தார். அந்த ஒரு மாற்றமே படைப்பின் சோகத்துக்கெல்லாம் மூலகாரணம்.

ஆட்டமும் உணர்ச்சியும்: ஆடுபவர் செய்ய வேண்டியது பெரும்பாலும் சமைப்பதொன்றே. தன் அன்னையிடமிருந்து வெண்பாவுக்கு வந்த குறிப்புநூல் கிழிந்தும் மை கலைந்தும் போயிருப்பதால், எஞ்சிய சொற்களையும் படங்களையும் கொண்டு, இட்லித் தட்டில் துணியை எப்போது விரிப்பது, தட்டுகளை எவ்விதம் அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் சென்று சேரும், புட்டுக்குழலில் மாவையும் தேங்காய்த் துருவலையும் எந்த வரிசையில் இடுவது என்பவற்றை ஆடுபவரே ஊகித்தறிய வேண்டும். தவறினால் தண்டனை ஏதுமில்லை, மீண்டும் முயலலாம். மதிப்பெண்ணோ எதிரியோ கடிகாரமோ இல்லாத இந்த அமைதியில், ஆடுபவர் தம்மையறியாமலே அந்த வீட்டு அடுப்பங்கரைக்கு உரியவராகிவிடுகிறார். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கும் ஒலியும், சமையலறை வானொலியில் அந்தந்தப் பத்தாண்டுத் திரைப்பாடல்களின் பாணியில் புதிதாக இயற்றப்பட்டு ஒலிக்கும் பாடல்களும் அந்த உரிமையைப் பலப்படுத்துகின்றன.

நாடகத்தையும் திரைப்படத்தையும் பார்ப்பவருக்கு உண்டாகும் அனுதாபத்துக்கும் இந்த ஆட்டம் எழுப்பும் உணர்ச்சிக்கும் ஒரு முக்கியமான பேதம் உண்டு. திரையில் ஒரு தாய் விருந்து சமைத்துக் காத்திருப்பதைக் காண்கிறவர் அவளுக்காக இரங்குவார். இங்கோ, ஒவ்வொரு பாத்திரத்தையும் ஏற்றி இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை பண்டங்களையும் சமைத்து முடித்தவர் ஆடுபவரேயாதலின், மகன் வரவில்லை என்று அறியும் கணத்தில் வீணாய்ப்போவது அவருடைய பிரயத்தனமுமாகிறது. கையால் உழைத்தவருக்கு நேரும் ஏமாற்றமும், கண்ணால் கண்டவருக்கு உண்டாகும் இரக்கமும் ஒன்றல்ல. யோசேப் பாரெஸ் இயக்கிய இரு சகோதரரின் கதை விளையாட்டு (பிரதர்ஸ், 2013) இதே உண்மையை வேறொரு வழியில் கண்டது: அதில் ஆடுபவரின் ஒரு கை அண்ணனையும் மறு கை தம்பியையும் நடத்துகின்றது, அண்ணன் இறந்தபின், அவனுக்குரியதாயிருந்த விசையைத் தம்பிக்காக அழுத்த வேண்டிய ஓர் இடம் வருகிறது, அங்கே துக்கம் விரல் வழியாகவே மனத்தை அடைகிறது. புற்றுநோயால் மகனை இழந்த அமெரிக்கத் தம்பதியர் தம் துயரையே விளையாட்டாக ஆக்கிய 'தட் டிராகன், கேன்சர்' (2016), எவ்வளவு முயன்றாலும் குழந்தையின் அழுகையை நிறுத்த இயலாத கையறுநிலையில் ஆடுபவரை நிறுத்துகிறது. வெண்பா இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஆயினும் மரணத்தை முதன்மையாக நம்பாமல், மொழி கைநழுவிப் போவதையே தன் பெருந்துயராகக் கொண்டிருப்பதில் அவற்றினின்று வேறுபடுகிறது.

அத்துயரம் முற்றி வெளிப்படுமிடம் கவினின் பகுதி. அதுவரை தாயாக இருந்து சமைத்த ஆடுபவர் இப்போது மகனாக நின்று அதே நூலைத் திறக்கிறார். தமிழ் எழுத்தைத் தடுமாறி வாசிக்கும் அவனுக்கு, கிழியாத பக்கமும் கிழிந்த பக்கம் போலவே ஆகிவிடுகிறது. தமிழறியாத ஆடுநருக்கு அவனுடைய திகைப்பு தம் திகைப்பாகிறது. தமிழறிந்தவருக்கு நேர்வது இதனினும் கடியது: பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது தமக்குத் தெரிந்திருக்க, தம் கையில் இயங்கும் மகனுக்கு அது தெரியாமலிருப்பதை அவர் சகிக்க வேண்டும். ஒரே காட்சி இரு வகை வாசகருக்கு இரு வேறு வேதனைகளைத் தருமாறு அமைந்த இந்த உத்தி, என் மதிப்பில், இப்படைப்பின் தலைசிறந்த சாதனை.

நம்முடைய இலக்கண மரபு இதனை விளங்கிக்கொள்ள நல்ல துணை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களங்கள் வகுக்கின்றது. பிறரால் எளியராக எண்ணப்படுதல், உரியோரை இழத்தல், முன்னிருந்த நிலையினின்று தளர்தல், நுகர்பொருளின்றி வருந்துதல் என்று இவற்றைப் பொதுவாக விளக்கலாம். பெற்ற மகனே வீட்டு உணவுக்கும் மொழிக்கும் கூசுவது இளிவு. பாவலன் மறைவு இழவு. ஊரில் மதிப்போடு இருந்தவர்கள் வேலைக்கு அலைவது அசைவு. தொடக்கக் காட்சிகளின் சிக்கனம் வறுமை. நான்கும் அமைந்திருப்பினும், ஆசிரியர் நெடுநேரம் தங்குவது இளிவின்மேல்தான். ஏனெனில் மற்ற மூன்றும் விதியாலோ அந்நியராலோ வருபவை, இஃதொன்றே அன்பு வைத்த இடத்திலிருந்து வருவது.

மும்பைத் தமிழரும் இக்கதையும்: வெண்பாவின் கதை கடல் கடந்தவருக்கே உரியதென்று கொள்வது பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதற்கொண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களும், எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் தட்டச்சராகவும் உத்தியோகம் தேடி மாதுங்காவில் குடியேறி, பின்னர்ச் செம்பூர்வரை பரவியவர்களும், பாஸ்போர்ட்டு இல்லாமலே ஓர் அந்நிய மொழிக்குள் பிரவேசித்தவர்கள். அவர்களும் பிற தென்னிந்தியரும் இந்நகரில் நிறுவியவை சாமானியமானவையல்ல: 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் மாதுங்கா ரயில் நிலையத்தருகே ராம நாயக் ஏற்படுத்திய உடுப்பி போஜனசாலை, சயானில் எழுந்த சண்முகானந்த சபையின் பேரரங்கம், செம்பூர் சேடா நகரில் முருகன் கோயில். மாதுங்காக் கடைத்தெருவில் வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் அரைத்த காப்பித்தூளும் இன்றும் கிடைக்கின்றன. ஒரு சமூகத்தின் நாவும் காதும் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்திருக்க, எழுத்து மட்டும் எவ்விதம் நழுவிவிடுகிறது என்பதற்கு இவ்வட்டாரம் பிரத்தியட்ச சாட்சி. வீட்டில் தமிழ் பேசி, தெருவில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் பழகி வளர்ந்த பேரப்பிள்ளைகளுள் எத்தனையோ பேருக்கு, பாட்டி எழுதிவைத்த சாம்பார்ப்பொடி அளவு புரியாத கோடுகளாகவே தோன்றுகிறது. அந்தச் சாம்பாரை அவர்கள் விரும்பி உண்ணாமலில்லை.

மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவது போற்றத்தக்க ஏற்பாடு; தாராவிக் குழந்தைகள் பலருக்கு எழுத்தறிவித்தவை அப்பள்ளிகளே. ஆயினும், தம் பிள்ளைகளாவது முன்னேற வேண்டுமென்று ஆங்கில வழியை நாடும் பெற்றோரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. வெண்பாவும் பாவலனும் கனடாவில் தங்கிய காரணமும் அதுவேயன்றோ. பிள்ளையின் நலத்துக்காகச் செய்த ஒன்றே பிள்ளையைத் தம்மிடமிருந்து பிரிக்கும் என்பதை முன்கூட்டி அறியும் சக்தி எந்தப் பெற்றோருக்கும் அருளப்படவில்லை.

பாவலன் தாக்குண்ட நிகழ்ச்சியும் இந்நகரத்து மூத்தோருக்குப் புதிதன்று. 1966 ஜூன் 19-இல் தொடங்கப்பட்ட சிவசேனை, தன் ஆரம்ப ஆண்டுகளில் தென்னிந்தியரை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தியபோது, உடுப்பி ஓட்டல்கள் கல்லெறிக்கு ஆளாயின. வேட்டியும் மொழியும் கேலிப்பொருள்களாயின. அக்காலத்தில் பிள்ளைகளைத் தெருவில் உரக்கத் தமிழ் பேசாதே என்று அடக்கிய தாய்மாரின் அச்சத்தை அறிந்தவருக்கு, கவினின் கூச்சம் அவனுடைய குற்றமாகத் தோன்றாது.

குறிப்புநூலைக் கதையின் உயிர்நிலையாக வைத்ததும் நம் வழக்கத்தோடு ஒத்தது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல், மணமாகி வெளியூர் செல்லும் பெண்களின் பெட்டிகளில் இடம்பெற்று, பல தலைமுறைகளுக்கு அடுப்படி ஆசானாக விளங்கியது. தமிழ் வாசிக்கத் தெரியாத பெண்களுக்கென அது ஆங்கிலத்திலும் வர நேர்ந்தது. அந்தத் தேவை எழுந்த வீடுகளில் கவின்கள் முன்பே பிறந்திருந்தார்கள் என்று கொள்ளலாம்.

வரவேற்பும் மதிப்பீடும்: 2023-ஆம் ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' போட்டியில் சிறந்த முதற்படைப்பு, சமூகப் பயன் ஆகிய இரு பிரிவுகளிலும் வெண்பா பரிந்துரைக்கப்பட்டது. 2024 மார்ச்சில், சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவில் ஸீமஸ் மெக்நாலி பெயரிலமைந்த தலைமைப் பரிசும், அதே வாரம் விளையாட்டு ஆக்குவோர் மாநாட்டின் சிறந்த முதற்படைப்புப் பரிசும், ஏப்ரலில் லண்டனில் பாஃப்டாவின் முதற்படைப்பு விருதும் இதற்குக் கிட்டின. இந்தியாவிலும் இதற்கு முன்பே கதையை முதன்மைப்படுத்திய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. பெண் கடத்தலின் கொடுமையை உணர்த்த லீனா கெஜ்ரிவால் கொல்கத்தாவிலிருந்து தந்த 'மிஸ்ஸிங்' (2016), புணே நகரத்து நாடிங் ஹெட்ஸ் நிறுவனத்தின் 'ராஜி' (2020) ஆகியவை அவற்றுட் குறிப்பிடத்தக்கவை.

ஆட்டம் மிகக் குறுகியது, புதிர்கள் எளியவை என்று சிலர் குறை கூறினர். புதிர் கடினமாயிருப்பின் ஆடுபவர் தாயாக இராமல் போட்டியாளராகிவிடுவார். ஆதலின் எளிமை பற்றிய குறையை ஏற்பதற்கில்லை. குறுமை பற்றிய குறையில் நியாயம் உண்டு. ஆண்டுகள் பல தாவித்தாவிச் செல்லும் கதையில், பாவலனின் அகவாழ்வுக்குப் போதிய இடம் அமையவில்லை. காயமுற்று வந்த நாளில் அவன் மனத்துள் நிகழ்ந்ததையும், மகனுக்கும் அவனுக்கும் இடையே வளர்ந்த மௌனத்தையும் நாம் அடுப்பங்கரையில் நின்றபடி ஊகிக்கலாமேயன்றி, அறிந்துகொள்ள இயலவில்லை. அவன் தன் கையால் சமைக்கும் ஓர் அத்தியாயம், ஒரு ரசமோ உப்புமாவோ போதும், இந்தக் கதைக்கு வாய்த்திருக்க வேண்டும்.