சிறைவேலிக்குள் பிறந்த இசை

உடற்புண்ணுக்கு மருந்துண்டு, மனப்புண்ணுக்கு மருந்தென்ன என்று வினவுவார்க்கு, “பாட்டுக் கட்டிப் பாடுக” என விடையிறுப்பின் நகைப்பர். பாட்டென்பது வயிறு நிறைந்தோர் பொழுதுபோக்கு என்பது நம்மவருட் பலரது எண்ணம். அவ்வெண்ணம் தவறென்பதற்குச் சிங்கப்பூருக்கு அண்மையிலுள்ள சுமத்திராவில் 1942 முதல் 1945 வரை நிகழ்ந்ததொரு வரலாறே சான்றாகும்.

1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. அதற்குச் சின்னாள் முன்னர்க் கப்பலேறித் தப்பிச் சென்ற ஐரோப்பியப் பெண்டிர் பலர் பங்காத் தீவின் அருகே அகப்பட்டனர். கப்பல் மூழ்கி, உடுத்த துணியோடு கரை சேர்ந்தாரும் உளர். சுமத்திராவில் வாழ்ந்த டச்சுப் பெண்டிரோடு இவர்களும் பாலெம்பாங் நகரிற் சிறை வைக்கப்பட்டனர். சிங்கப்பூரில் ஆசிரியையாகவும் கிறித்தவ ஊழியராகவும் இருந்த மார்கரெட் டிரைபர்க் அம்மையார் அவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது 52.

அவ்வம்மையார் யாது செய்தார்? கிடைத்த தாள்களிற் பாட்டெழுதினார். 1942 ஜூலையில் கைதிகளுக்கெனவே ஒரு வழிபாட்டுப் பாடலை இயற்றினார். பொறுமையையும், பிரிந்த உற்றார் நலத்தையும், அமைதியையும் வேண்டும் அப்பாடல் ஞாயிறுதோறும் பாடப்பட்டது.

அடுத்த ஆண்டு, இலண்டனில் இசை பயின்ற நோரா சேம்பர்ஸ் அம்மையாரும் அவரும் கூடி ஒரு புதுமை செய்தனர். அங்கே வாத்தியமில்லை; இசை நூலுமில்லை. டிரைபர்க் அம்மையார் பேத்தோவன், சோப்பின், டுவோர்ஷாக் முதலியோர் இசையை நினைவினின்றே எடுத்து, நால்வகைக் குரலுக்கு ஏற்பப் பகுத்தெழுதினார். பாடியோர் 30 பேர். ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர் எனப் பலர். சொற்களை அறவே நீக்கி, வெறுங்குரலையே வாத்தியமாக்கிப் பாடினர். 1943 டிசம்பர் 27-ந் தேதி முதற் கச்சேரி நடந்தது. தடுக்க வந்த காவலன் தானும் நின்று கேட்டான் எனப் பிழைத்து வந்தோர் கூறுவர்.

இதன் பயன் எங்ஙனம் விளைந்தது? தன் பங்கைப் பிழையின்றிப் பாட வேண்டுமாயின், அயலாள் குரலுக்குச் செவி கொடுத்தல் வேண்டும். பசியையே எண்ணிக்கொண்டிருப்பார்க்கு அஃது இயலாது. அந்நாழிகையளவேனும் அவர்கள் கைதிகளல்லர்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1944-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசை மருத்துவம் பாடமாக வைக்கப்பட்டது. இன்று அத்துறையினர் கையாளும் முறைகளுள் ஒன்று கேளுங்கள்: நோயாளி நன்கறிந்த மெட்டொன்றை எடுத்து, அதன் சொற்களுட் சிலவற்றை நீக்கி, அவ்விடங்களில் அவர் தம் சொந்தத் துயரை இட்டு நிரப்பச் செய்வர். முழுப்பாட்டையும் புதிதாகக் கட்டும் திறம் எல்லார்க்கும் வாய்க்குமா? மெட்டு தயாராயிருப்பின், ஊமை நெஞ்சும் ஓரடி பேசும்.

இதனைப் படிக்குந்தோறும் நமக்கு ஒப்பாரியே நினைவுக்கு வருகிறது. மெட்டும் விளியும் முன்னரே உள்ளன. அவற்றுள் தன் இழப்பைப் பெய்து பாடுவது அழுகின்றவள் வேலை. எழுத்தறியா நம் தாய்மார் தோளோடு தோள் சேர்ந்தமர்ந்து, ஒருத்தி எடுக்க மற்றையோர் தொடரக் கேட்டே இதனைக் கற்றனர். இறந்தார் பெயரைச் சாக்கிட்டு, சீர் செய்யாத அண்ணன்மீதும் கொடுமை செய்த மாமியார்மீதும் வழக்குரைப்பதும் உண்டு! கற்றோர் இதனை வெறுங்கூச்சல் என்று ஒதுக்கியது பெருந்தவறென்போம்.

எனினும், பாட்டு சோறாகாது. காய்ச்சலும் பட்டினியும் மிகுந்து பாடகியர் பலர் மாண்டனர். 1945-இல் இசை நின்றது. மீண்டும் இடம் மாற்றப்பட்ட டிரைபர்க் அம்மையார், லூபுக் லிங்காவை அடுத்த முகாமில், அவ்வாண்டு ஏப்ரல் 21-ந் தேதி உயிர் நீத்தார். அவர் எழுதிய தாள்கள் தப்பின. 1980-களில் அமெரிக்கப் பெண்கள் குழுவொன்று அவற்றைக் கொண்டு அவ்விசையை மீண்டும் பாடிற்று.

அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களினின்று சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், மீளாதார் எண்ணற்றோர். அவர்களை நினைந்து லயங்களில் எழுந்த ஒப்பாரிகளுள் ஏட்டிலேறியவை சிலவே. அவற்றைச் சிறு பிள்ளைகளாயிருந்து கேட்டவர்களுள் எஞ்சியோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.