மூன்று நிமிடக் கதை வகுப்பறைக்கு வந்த வழி

மேடையில் ஒரு மரக்கட்டை. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அருகே தொலைக்காட்சிப் பெட்டியில் விறகுத் தீ எரிவது போன்ற காட்சி ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் பெரிய திரையில் அவருடைய குடும்பப் புகைப்படங்களும் பழைய வீட்டுப் படச்சுருள்களும் வந்து போகும். அந்தப் படங்களைக் காட்டிக்கொண்டே தன் வாழ்க்கையைச் சொல்லுவார். அமெரிக்கக் கலைஞர் டேனா ஆச்லி 1990களில் நடத்திவந்த 'நெக்ஸ்ட் எக்ஸிட்' என்ற நிகழ்ச்சி இது. இன்று பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் குரலில் பதிவுசெய்து, படங்கள் சேர்த்துக் காட்டுகிற மூன்று நிமிட டிஜிட்டல் கதை பிறந்த இடங்களில் முக்கியமானது அந்த மேடை.

ஆச்லியின் கதை அவர் ஒருவரோடு நின்றிருக்கலாம். 1993இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் நடந்த பயிலரங்கு அதை மற்றவர்கள் கைக்குக் கொண்டுபோனது. திரைப்படத் துறையோடு தொடர்பே இல்லாதவர்கள்கூட, கணினியில் படமும் குரலும் சேர்த்துத் தங்கள் கதையைத் தாங்களே செய்ய முடியும் என்று அங்கே தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் நாடக அரங்கு நடத்திவந்த ஜோ லாம்பர்ட் அதன் மதிப்பை உடனே உணர்ந்தார். அடுத்த ஆண்டே அவரும் நீனா முல்லனும் ஆச்லியோடு சேர்ந்து அந்த நகரில் ஒரு டிஜிட்டல் ஊடக மையத்தைத் தொடங்கினார்கள். 1998இல் பெர்க்லிக்குப் போய் 'டிஜிட்டல் கதைசொல்லல் மையம்' ஆனதும், 2015இல் 'ஸ்டோரிசென்டர்' என்று பெயர் மாறியதும் அதுதான். 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஆச்லி காலமானார். அதற்குள் கதை அவர் கையைவிட்டு வெகுதூரம் போயிருந்தது.

அந்த மையத்தின் பயிலரங்கு பெரும்பாலும் மூன்று நாள் நடக்கும். வந்தவர்கள் கணினியைத் தொடுவதற்கு முன்பே வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தான் சொல்ல நினைக்கும் கதையைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள், எங்கே புரிந்தது, எங்கே இன்னும் கேட்கத் தோன்றியது என்று சொல்வார்கள். இதைக் கதை வட்டம் என்கிறார்கள். வட்டம் கலைந்த பிறகே எழுத்து. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எழுதியதில் பாதியை வெட்ட நேரும். பிறகு குரல் பதிவு. அதற்கப்புறம்தான் படங்கள், இசை, எடிட்டிங். இந்த வரிசைதான் இந்த வடிவத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதுதான் தன் கதையில் எது முக்கியம் என்பது சொல்பவருக்கே தெரிகிறது.

அட்லாண்டிக்கைத் தாண்டி இதைக் கொண்டுபோனவர் டேனியல் மெடோஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர். 1973, 74இல் இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்றை ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, தெருவில் பார்த்தவர்களைப் படமெடுத்து, அந்தப் படத்தை அவர்களுக்கே இலவசமாகக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு இந்த வடிவம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. கார்டிஃப் பல்கலைக்கழகமும் பிபிசியும் சேர்ந்து 2001இல் தொடங்கிய 'கேப்ச்சர் வேல்ஸ்' திட்டம் அவர் முயற்சி. ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்கு நடத்தினார்கள். சுமார் 250 சொற்கள், ஒரு டஜன் படங்கள், இரண்டு நிமிடம் என்று அளவு இன்னும் இறுகியது. சுரங்கத் தொழிலாளிக்கும் பாட்டிக்கும் அது போதுமானதாக இருந்தது. 2008வரை அந்தத் திட்டம் நடந்தது.

இதற்கிடையில் கருவிகள் மலிந்தன. 1999இல் ஆப்பிளின் ஐமூவி வந்தது. அடுத்த ஆண்டு விண்டோஸில் மூவி மேக்கர். தனியே மென்பொருள் வாங்க வேண்டியிருந்த எடிட்டிங் வேலை கணினியோடு சும்மா கிடைத்தது. பள்ளிக்கூடக் கதவு அப்போதுதான் அகலமாகத் திறந்தது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், பெர்க்லி பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் கிளிண்டா ஹல்லும் மைக்கேல் ஜேம்ஸும் 'டஸ்டி' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகள் பள்ளி விட்டபின் வந்து, கல்லூரி மாணவர்கள் துணையோடு தங்கள் கதைகளைச் செய்தார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ராபின் இதை நேரே பாடத்துக்குள் கொண்டுவந்தார். டிஜிட்டல் கதைகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார்: சொந்தக் கதை, வரலாற்று நிகழ்வுகளை ஆராயும் கதை, ஒரு விஷயத்தை விளக்கும் அல்லது கற்றுத்தரும் கதை. இதனால் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும்கூட இந்த வடிவத்தைக் கையில் எடுக்க முடிந்தது.

மூன்றாவது வகையைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. 'நீர்ச் சுழற்சி' என்று தலைப்புக் கொடுத்தால், இணையத்தில் கிடைக்கும் பத்துப் படங்களை ஒட்டி, பாடநூல் வரிகளைப் படித்து முடித்துவிடுவது சுலபம். அங்கே வட்டமும் இருக்காது, வெட்டி எழுதுவதும் இருக்காது. அதே தலைப்பில், தன் வீட்டுக் கிணறு எந்த மாதம் வற்றுகிறது, எப்போது ஊறுகிறது, ஏன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அறிவியலும் சரியாக இருந்தாக வேண்டும், சொல்லும் அதனுடையதாக இருந்தாக வேண்டும். தன் குரலைத் திரும்பக் கேட்கும்போது தடுமாறும் வாக்கியம் காதில் இடறும். சிவப்பு மை வட்டமிட்டபோது கவனிக்காத பிள்ளை, தானே அதை மாற்றி மறுபடி பதிவு செய்யும். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

இன்று கேமரா, ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாமே ஒரு கைபேசிக்குள் வந்துவிட்டன. வகுப்புக்கு இரண்டு கைபேசி இருந்தால் போதும். குழுவாகப் பிரிந்து, ஒரு குழு பதிவு செய்யும்போது மற்றொன்று எழுதலாம். தட்டுப்பாடு இப்போது வேறிடத்தில்: நாற்பது பேரும் பேசி முடிக்கும்வரை வட்டத்தில் உட்கார நேரத்தை எந்த அட்டவணையிலிருந்து எடுப்பது?

இன்னொரு கேள்வியும் வகுப்பறையில்தான் கூர்மையாகிறது. வட்டத்தில் பாட்டியின் சாவையோ வீட்டுச் சண்டையையோ சொல்லிவிட்ட பிள்ளையின் கதையை ஆண்டு விழாவில் போடலாமா, யூடியூபில் ஏற்றலாமா? தன் கதையை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது சொன்னவரின் உரிமை என்பது ஸ்டோரிசென்டரின் நிலைப்பாடு. பள்ளிகளுக்கும் இது பொருந்த வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் வாங்கினாலும் பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும். இன்று சரி என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். கதையைச் செய்து முடித்து, வட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் காட்டிவிட்டு, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற பிள்ளைக்கும் முழு மதிப்பெண் உண்டு.