ஏப்ரல் 26 - பயாஸ் செத்த நாள்

வைரஸ் என்ன செய்யும்? ஃபைலை அழிக்கும், ஹார்ட் டிஸ்க்கை நாசம் பண்ணும். ஃபார்மேட் அடித்து விண்டோஸை மறுபடி போட்டால் மெஷின் பிழைத்துவிடும். 1999 வரைக்கும் ஊர் உலகம் இப்படித்தான் நிம்மதியாக இருந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 26-ம் தேதி பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் திடீரென்று உறைந்து நின்றன. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, திரை கறுப்பு. பீப் சத்தம்கூட இல்லை.

எனக்கு அப்போது தத்தித் தத்தி நடக்கிற வயசு. அதனால் இது அனுபவப் பதிவு இல்லை மக்களே, படித்தும் நோண்டியும் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். பவர் வந்ததும் பிராசஸருக்கு ஒன்றுமே தெரியாது. நினைவகத்தில் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே உள்ள ஒரே ஒரு முகவரிக்குப் போய், அங்கே இருப்பதை முதல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பதுதான் பயாஸ் சிப். பழைய காலத்தில் அது தலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம். அழிக்கணும்னா புற ஊதா விளக்கில் காட்டவேண்டும். 90-களில் ஃப்ளாஷ் சிப் வந்தது. ஃப்ளாப்பியைப் போட்டு நாமே அப்டேட் பண்ணலாம். நல்ல வசதிதான். ஆனால் நாம் எழுதலாம் என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், இல்லையா?

அந்த 'யார் வேண்டுமானாலும்' 1998-ல் வந்தார். தைவானில் டாடுங் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ். அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் சிஐஹெச் வைரஸ். மொத்தமே சுமார் 1 கேபி. ப்ரோக்ராம் ஃபைலுக்குள் இருக்கும் காலி இடங்களில் துண்டு துண்டாக ஒளிந்துகொள்ளும், ஃபைல் அளவு கூடாது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் சாதாரண ப்ரோக்ராம்கூட உள்ளறை வரைக்கும் போய்விட முடிந்தது. என்டி-யில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. ஏப்ரல் 26 வந்தால் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1 எம்பி காலி. அடுத்து பயாஸ் சிப்பில் குப்பை. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டுகள்தான் அதிகம் அடிவாங்கின. 1986-ல் செர்னோபில் வெடித்ததும் அதே தேதி என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. தென்கொரியா, சீனா, இந்தியா, பங்களாதேஷ் என்று நல்ல அடி.

கொடுமை என்னவென்றால், சில போர்டுகளில் ஃப்ளாஷில் எழுதுவதைத் தடுக்க ஒரு ஜம்பர் இருந்தது. அதை மாற்றி வைத்திருந்தால் வைரஸால் பயாஸைத் தொடவே முடியாது.

செத்த போர்டை எப்படிப் பிழைக்க வைத்தார்கள்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். அப்போது சிப் பெரும்பாலும் சாக்கெட்டில் இருந்தது. அதே மாடல் நல்ல போர்டு ஒன்றில் டாஸ் பூட் செய்வார்கள். பூட் ஆனதும் பயாஸின் நகல் ராமில் இருக்கும், சிப்புக்கு அந்த நேரம் வேலை இல்லை. மெஷின் ஓடும்போதே நல்ல சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி, ஃப்ளாஷ் பண்ணுவார்கள். கை நழுவினால் இரண்டு போர்டும் காலி!

அப்டேட் பாதியில் நின்ற கேஸ் வேறு. சிப்பில் பூட் பிளாக் என்று ஒரு சின்னத் துண்டு தப்பித்திருந்தால், அது ஃப்ளாப்பியை மட்டும் படிக்கும். அவார்ட் பயாஸ் பூட் பிளாக்குக்கு ஐஎஸ்ஏ வீடியோ கார்டு மட்டும்தான் தெரியும். அது இல்லாதவர்கள் திரையே இல்லாமல் ஃப்ளாப்பி விளக்கைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள் :-)

கிராபிக்ஸ் கார்டுக்கும் தனி பயாஸ் உண்டு. முதல் இரண்டு பைட் 55 ஏஏ. அது இல்லையென்றால் மதர்போர்டு கண்டுகொள்ளாது. வைத்தியம் சுலபம்: வேறொரு கார்டில் திரையை வரவழைத்து, செத்ததை இரண்டாவதாகச் செருகி எழுதவேண்டும். 2010 டிசம்பரில் ரேடியான் 6950 வந்தபோது, 6970-ன் பயாஸை எழுதினால் பூட்டியிருந்த ஷேடர்கள் திறந்து 1408 என்பது 1536 ஆனது. அந்தக் கார்டில் இரண்டு பயாஸும் மாற்ற ஒரு ஸ்விட்சும் இருந்ததால் பலர் பயமில்லாமல் விளையாடினார்கள்.

லேப்டாப்பில் அந்தக் கொடுப்பினை இல்லை. எட்டுக் கால் சிப், போர்டிலேயே சால்டர். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10-ஐ டவுன்லோடிலிருந்து எடுத்துவிட்டார்கள். கெர்னலில் இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில லேப்டாப்களில் பயாஸ் சிப்பைப் பூட்டிவிட்டது. பயாஸ் செட்டிங் சேவ் ஆகாது, யுஎஸ்பி-யில் பூட் ஆகாது. சரிசெய்த ஐஎஸ்ஓ 2018 ஜனவரியில்தான் வந்தது. இங்கே வைரஸே இல்லை, நல்லெண்ணம் மட்டுமே!

போன வருஷம் அக்காவின் லேப்டாப் அப்டேட் நடுவில் படுத்தது. சர்வீஸ் சென்டரில் "போர்டையே மாத்தணும் சார்" என்றார்கள். புது லேப்டாப் விலையில் பாதி. சில நூறு ரூபாய்க்கு ஒரு சிஹெச்341ஏ ப்ரோக்ராமரும் கிளிப்பும் வாங்கினேன். முதலில் சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்க்கவேண்டும். பிறகு உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடவேண்டும். சீரியல் நம்பர், விண்டோஸ் கீ எல்லாம் அங்கேதான், அதைத் தொலைத்தால் திரும்ப வராது. அப்புறம்தான் எழுதுவது. ஒரு சாயங்கால வேலை. "உள்ளே இருந்த போட்டோ எல்லாம் இருக்காடா?" என்பதுதான் அக்காவின் ஒரே கேள்வி. இருந்தது.

1999-ல் ஒரு நல்ல போர்டும் தைரியமும் இருந்தால் போதும், தெருமுனைக் கடைக்காரரே போர்டைப் பிழைக்க வைத்தார். இன்றைக்கு அதே சின்ன சிப்புக்காக முழு போர்டும் குப்பைக்குப் போகிறது. சாக்கெட்டும் ஜம்பரும் போனதில் கம்பெனிக்கு மிச்சம் சில ரூபாய். நமக்குச் செலவு ஒரு போர்டு. அடுத்த முறை யாராவது "போர்டு போச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். போனது போர்டா, அதில் எழுதியிருந்த சில எம்பி எழுத்தா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.