ரத்தத்தின் பாதிச் சாட்சி

எலும்புருக்கி, சயம், காசம் என்று இந்த நோய்க்கு நம்மிடம் பல பெயர்கள். எல்லாம் கண்ணால் பார்த்து இட்டவை: உடல் உருகுகிறது, தேய்கிறது, இருமுகிறது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதன் பிறகு நோய் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் வியன்னாவின் பிர்க்கேயும் பிரான்சின் மாண்டூவும் டியூபர்குலினைத் தோலில் செலுத்திச் சோதித்தபோது, எந்தத் துன்பமும் இல்லாதவர்களின் தோலும் தடித்தது. அவர்கள் உடலில் கிருமி உறங்கிக்கொண்டிருந்தது. தொற்று வேறு, நோய் வேறு என்பது அப்படித்தான் தெரியவந்தது. உறங்கும் தொற்று உள்ளவர் பிறருக்கு அதைப் பரப்புவதில்லை. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வரும்.

இந்த வேறுபாட்டை மறந்தால் அதன் விலையைப் பெண் கொடுக்கிறாள். ‘டிபி’ என்ற சொல் ஆணின் வேலையைத் தொடும். பெண்ணுக்கோ திருமணம், தாய்மை, வீட்டில் அவள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் தொடும். முன்பு நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்புவதே வழி. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 1959இல் வெளியிட்ட முடிவு அதை மாற்றியது. வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் தொடர் ஆய்வில் தெரிந்தது. நோய் உள்ளவளையே விலக்கிவைக்கத் தேவையில்லை என்று சென்னை உலகுக்குச் சொன்னது. அப்படியிருக்க, வெறும் தொற்று உள்ளவளை விலக்க என்ன நியாயம்?

ஆனால் சந்தை வேறொன்றைச் சொன்னது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்களைத் தேடும் சோதனைகள் தனியார் ஆய்வகங்களில் பெருகின. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் சோதனைகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. அவை இரு பக்கமும் பொய் சொல்லின: நோயில்லாதவளை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வைத்தன, நோயுள்ளவளை மருந்தில்லாமல் அனுப்பின. 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது.

இன்றுள்ள இன்டர்ஃபெரான் காமா சோதனை நேர்மையானது, ஆனால் பாதிதான் பேசும். ரத்தத்தின் வெள்ளணுக்களிடம் கிருமியின் புரதங்களைக் காட்டினால், முன்பே அறிமுகமான அணுக்கள் அந்தப் பொருளைச் சுரக்கும். சிறுவயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் இது ஏமாறாது. ஆனால் கிருமி உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று இதனால் சொல்ல முடியாது. 2019-2021இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. மூவரில் ஒருவர்!

இந்தக் கணக்கை ஓசூரில் வைத்துப் பாருங்கள். சிப்காட் பகுதியிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மின்னணு ஆலைகளிலும் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். பிற மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள், விடுதி அறைகளைப் பகிர்ந்துகொள்பவர்கள். ஒரு மேலாளரோ மாப்பிள்ளை வீட்டாரோ ‘டிபி ரத்தச் சோதனை’ கேட்டால், நலமாக உள்ள பெண்களில் எத்தனை பேர் நோயாளி என்று முத்திரை குத்தப்படுவார்கள்! குழந்தையின்மைக்காக மருத்துவரிடம் போகும் பெண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு. கருப்பைக் காசநோய் உண்மையான நோய்தான். ஆனால் ரத்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து அதை உறுதிசெய்ய முடியாது.

உறக்கத்தையும் விழிப்பையும் பிரித்துக் காட்டும் தேடல் நடக்கிறது. 2010இல் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்த ஆய்வு, நோயுள்ளவர் ரத்தத்தில் 393 மரபணுச் செய்திகளின் தனிக்கோலத்தைக் கண்டது. மருந்து எடுத்த பின் அது மங்கியது. சளி எடுக்க முடியாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இத்தகைய சோதனை ஒருநாள் பெரிய உதவியாகலாம். அதுவரை நோயை உறுதிசெய்யச் சளிதான் முதல் சாட்சி. அதிலும் பெண்ணுக்குத் தடை உண்டு. நாலுபேர் முன் காறித் துப்பக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் எச்சிலைக் கொடுத்துவிட்டு வருகிறாள். 2007இல் வெளியான ராவல்பிண்டி ஆய்வில், நெஞ்சிலிருந்து சளி எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்ததும் பெண்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 8 விழுக்காட்டிலிருந்து 13 ஆனார்கள். செலவு, சில நிமிடப் பேச்சு.

எனவே சோதனைச் சீட்டை நீட்டுபவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: ‘இது தொற்றைச் சொல்லுமா, நோயைச் சொல்லுமா?’ தொற்று என்றால், நோய் இல்லை என்று உறுதிசெய்த பின் தடுப்பு மருந்து எடுக்கலாம். நோய் என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரண்டில் எதுவானாலும் வேலையும் வீடும் அவளுடையவை.