நாங்கள் பிரிக்கிறோம், அவர்கள் கலக்கிறார்கள்: ஒரு பீங்கானின் வரலாறு

புல்மோட்டைக் கடற்கரை மண்ணைக் கையில அள்ளிப் பார்த்திருக்கிறீங்களா? கறுப்பா, பாரமா இருக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அதாவது தைத்தானியமும் சிர்கோனியமும் கிடைக்கிற மண். நான் ஓ.எல். ஓட விஞ்ஞானத்தைக் கைவிட்ட கலைப்பீட மாணவி. ஆனாலும் இந்த இரண்டு மூலகங்களின் வரலாற்றைத் தேடப்போய், தொலைபேசிக் கோபுரங்களுக்குள் இருக்கும் ஒரு பீங்கான் துண்டிலே போய் நின்றேன்.

அந்தத் துண்டின் வேலை, வருகிற நுண்ணலைகளில் தனக்குரிய மீடிறனை மட்டும் பிடித்து வைப்பது. மின்னுழையப் பொருளொன்று உலோகக் கூடு இல்லாமலே இப்படிப் பரிவுறும் என்று 1939இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ரிக்ட்மையர் காட்டினார். ஆனால் கோட்பாடு இருந்தது, பொருத்தமான பொருள் இல்லை.

பிறகு உலகப்போர் வந்தது. அக்கால வானொலிக் கருவிகளின் கொள்ளளவிகளுக்கு மைக்கா வேண்டும். தகட்டு மைக்காவை அதிகமாக அனுப்பியது இந்தியா. கடல்வழிகள் ஆபத்தானதும் எல்லா நாடுகளும் மாற்றுப்பொருள் தேடின. அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் மூன்றிலும் 1940களின் முதற்பாதியில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, பேரியம் தைத்தனேற்று கண்டுபிடிக்கப்பட்டது. தைத்தனேற்றுப் பீங்கான்களின் காலம் இங்கேதான் தொடங்குது.

1960களில் பரிவிகளுக்கு ரூட்டைலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதன் மின்னுழைய மாறிலி கிட்டத்தட்ட 100. அதனால் அதற்குள்ளே அலைநீளம் பத்திலொன்றாகச் சுருங்கும், கருவியும் சின்னதாகும். ஆனால் ஒரு பாகை செல்சியஸ் கூடினாலே மீடிறன் பத்து லட்சத்தில் 450 பங்கு நகர்ந்துவிடும். 1000 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கிற பரிவி, பத்துப் பாகை வித்தியாசத்துக்கு 4.5 மெகாஹேர்ட்ஸ் தள்ளிப்போகும். நுவரெலியாவில் ஒரு அலைவரிசை, யாழ்ப்பாணத்தில் இன்னொன்று எண்டால் யார் வாங்குவது?

தனி ரூட்டைல் போதவில்லை. 1970களில் பெல் ஆய்வுகூடத்தில் பேரியமும் தைத்தானியமும் 2:9 என்ற விகிதத்தில் சேர்ந்த ஒட்சைட்டு வந்தது. மாறிலி 40 அளவில், வெப்பநிலை நகர்வு கிட்டத்தட்டப் பூச்சியம். சிர்கோனியம் தைத்தனேற்றுக்குள்ளே வெள்ளீயத்தை அளவாகச் சேர்த்தாலும் நகர்வு அடங்குது என்று கண்டார்கள். ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்ய வேண்டும், அதற்கு எதை எவ்வளவு கலப்பது என்று தெரிய வேண்டும்.

அதுவரை ஒன்று வீட்டுக்காரர், மற்றது விருந்தாளி. 2015இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவொன்று இந்த வழக்கத்தை மாற்றியது. மகனீசியம், கோபாற்று, நிக்கல், செம்பு, நாகம் என்ற ஐந்தின் ஒட்சைட்டுகளையும் சமபங்காகக் கலந்து சூடாக்கினார்கள். செம்பு ஒட்சைட்டும் நாக ஒட்சைட்டும் இயல்பில் மற்ற மூன்றின் பளிங்கமைப்பில் இராதவை. ஆனாலும் 900 பாகைக்குக் கிட்டப் போக, ஐந்தும் கறியுப்பின் அமைப்பில் ஒன்றாகிவிட்டன. மெதுவாக ஆறவிட்டால் பிரியும். திரும்பச் சூடாக்கினால் சேரும். சட்டென்று குளிர்த்தினால் சேர்ந்தபடியே நிற்கும்.

காரணம் எந்திரப்பி. ஐந்து வகை அணுக்கள் ஒரே வகை இருக்கைகளில் மாறிமாறி அமர எத்தனை வழிகள்! வழிகள் கூடக்கூட எந்திரப்பி கூடும். வெப்பநிலை ஏற ஏற அதன் பலம், அணுக்கள் ஒன்றோடொன்று சேரத் தயங்குகிற தயக்கத்தை வென்றுவிடும். இதனால்தான் இவற்றை உயர் எந்திரப்பி ஒட்சைட்டுகள் என்கிறார்கள். 2021இல் சீன ஆய்வாளர்கள் ஐந்து அருமண் உலோகங்களை ஒரே இருக்கையில் வைத்து, வெப்பநிலைக்கு அவ்வளவாக அசையாத நுண்ணலைப் பீங்கானொன்றைச் செய்தார்கள். ஆனால் கலந்தால் எல்லாம் சரிவரும் எண்டில்லை. ஒழுங்கின்மை கூடினால் அலையின் சக்தி வீணாவதும் கூடலாம். அதனால் எந்த ஐந்து என்பதுதான் கேள்வி.

இந்த வரலாற்றில் கலக்கத் தெரிந்தவர்களின் பெயர் இருக்கு. மைக்காவைத் தோண்டியவர்களின் பெயர் இல்லை. புல்மோட்டையில் இன்றைக்கும் அந்தக் கறுப்பு மண்ணை இல்மனைட் வேறு, ரூட்டைல் வேறு, சிர்கோன் வேறு என்று பிரிக்கிறோம். பிரித்ததைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றுகிறோம். மண் எங்கட கரையில கிடக்கு. அதைக் கலக்கிற அறிவை எப்ப இங்கே வளர்க்கப் போறோம்?