பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை நீண்ட சங்கிலி

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கு அருகே இருந்த சமவெளியில் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று தரைக்கு மேலே மரப்பெட்டிகளில் நீட்டி வைக்கப்பட்டது. அதன் ஒரு முனையைக் குறித்துக்கொண்டு, மறுமுனையிலிருந்து மீண்டும் நூறு அடி. பிறகு இன்னொரு நூறு. தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் தூரம், ஏறத்தாழ நானூறு முறை சங்கிலி இப்படி நகர்ந்தது. பங்குனிக் கடைசியில் தொடங்கிய வேலை சித்திரையையும் அக்னி நட்சத்திரத்தையும் கடந்து வைகாசியில்தான் முடிந்தது. மொத்தம் 57 நாள்.

அளந்தவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. அவர் அன்று போட்ட கோடுதான் இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவையின் அடிக்கோடு. குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்ட அளவை இந்த ஏழரை மைலைத்தான் ஆதாரமாகக் கொண்டு தொடங்கியது.

இன்றைய சென்னை வரைபடத்தில் பரங்கிமலையையும் பெரும்பாக்கத்தையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது கிட்டத்தட்ட நேர் தெற்காக இறங்கும். கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம் எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன. ரேடியல் சாலையில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளி மாணவர்களுக்கு, உலக அளவை வரலாற்றில் இடம்பெற்ற ஒரு கோட்டின் அருகில் தாங்கள் நிற்பது தெரிய வழியில்லை. இது பெரிய இழப்பு. ஏனென்றால், சென்னையில் கட்டடக் கல்வியின் வேர் இந்த அளவைக் கலையில்தான் இருக்கிறது. அதை முதலில் கற்றவர்களும் பள்ளி வயதுப் பையன்களே.

லாம்டன் இந்த அடிக்கோட்டை அளப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1794-ல், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் மைக்கேல் டாப்பிங். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வு நிலையத்தை உருவாக்கியவரும் அவரே. மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் பாராமகால், திண்டுக்கல் போன்ற பெரும் நிலப்பரப்புகள் கம்பெனியின் கைக்கு வந்திருந்தன. வரி போடவும் ஏரி, கால்வாய்களைச் சீரமைக்கவும் அளக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைக்கச் செலவு அதிகம். எனவே எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்திலிருந்து எட்டுப் பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் வளர்ந்த இல்லம் அது. அந்த எட்டுப் பேரோடு தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று.

அந்த இல்லத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1789 முதல் அதை நடத்திய ஆண்ட்ரூ பெல், சென்னைத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவந்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் விரிவாகக் கையாண்டார். 1797-ல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டனெங்கும் பரவியது. மணலில் எழுத்துப் பழகிய பிள்ளைகளிலிருந்துதான் நிலத்தை அளக்கப் போன முதல் மாணவர்கள் வந்தார்கள்.

அவர்களுக்குக் கணிதமும் வரைபடம் வரைதலும் கற்பித்தார்கள். ஆனால் படிப்பின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியேதான். தேறியவர்கள் அளவைக் குழுக்களோடு கூடாரங்களில் தங்கி, காடும் வயலும் கடந்து, சங்கிலியும் கோண அளவுக் கருவியும் கையாண்டு தொழில் கற்றார்கள். மைசூரை அளந்த காலின் மெக்கன்சிக்கும் லாம்டனுக்கும் உதவியாளர்களாகப் போனவர்கள் இப்படிப்பட்டவர்களே. அவர்களில் ஜோஷுவா டி பென்னிங் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக லாம்டனின் அளவையில் உழைத்தார். எவ்வளவு திறமை இருந்தாலும் பிறப்பைக் காரணம் காட்டி இவர்களைக் கம்பெனி அதிகாரிகளாக உயர்த்தவில்லை. 'உதவியாளர்' என்ற நிலையிலேயே வைத்திருந்தது. நாட்டின் வரைபடத்தில் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. பெயர்கள்தான் அடிக்குறிப்புகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

அளப்பது இந்த மண்ணுக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வித்தை அல்ல. முதலாம் ராஜராஜன் 1001-ல் சோழ நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அந்தப் பணிக்குப் பொறுப்பேற்ற அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்று பட்டமே கிடைத்தது. பதினாறு சாண் கொண்ட கோலை 'உலகளந்த கோல்' என்றார்கள். ஊர்க்கோல் எது என்ற தகராறு வராமலிருக்க, அதன் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர்கள் பல. செங்கல்பட்டு ஜாகீரில் அடங்கிய சுமார் 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை ஆய்வு செய்தபோதும், அவருக்குக் கைகொடுத்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைக் கணக்குகளே. எது நன்செய், எது புன்செய், எது ஏரி, எது புறம்போக்கு என்று ஒவ்வொரு ஊருக்கும் கணக்கு இருந்தது. லாம்டன் சேர்த்தது வேறொன்று: அளவில் நேரும் பிழையையும் கணக்கில் எடுக்கும் பிடிவாதம்.

அதற்குச் சென்னை வெயில் கொடுத்த சோதனை கொஞ்சமல்ல. வெப்பம் ஏறினால் எஃகு நீளும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் நூறு அடிச் சங்கிலி அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீண்டுவிடும். பார்க்க அற்பம். நானூறு முறை கூட்டினால் நாலரை அடிக்கு மேல் பிழை. அடிக்கோட்டில் நாலரை அடி தவறினால், அதன்மேல் அடுக்கும் ஒவ்வொரு முக்கோணத்திலும் அந்தத் தவறு பெருகும். எனவே சங்கிலியைத் தரையில் போடாமல் முக்காலிகள் தாங்கிய மரப்பெட்டிகளுக்குள் வைத்தார்கள். பெட்டிகளைத் திருகாணிகளால் மட்டமாக்கினார்கள். சங்கிலியோடு வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவின்போதும் வெப்பத்தைக் குறித்து, நீளத்தைத் திருத்தினார்கள்.

அந்தச் சங்கிலியின் கதையே ஒரு நாவலுக்குப் போதும். லண்டனில் கருவி செய்வதில் பேர்போன ராம்ஸ்டன் பட்டறையில் உருவானது அது. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே மறுக்கப்பட்டு, இந்தியாவுக்கு வந்து லாம்டன் கையில் சேர்ந்தது. கோணம் அளக்க அவர் வரவழைத்த அரை டன் தியோடலைட்டோ நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போயிற்று. அறிவியல் கருவி என்றறிந்த பிரெஞ்சு ஆளுநர், போர்க்காலத்திலும் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

அதே தியோடலைட் 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் விபத்துக்குள்ளானது. காவிரிப் படுகை தட்டையானது. தென்னைகளுக்கு மேலே பார்வை போக வேண்டுமானால் கோயில் கோபுரங்களைவிட்டால் வேறு உயரம் இல்லை. கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது ஒரு கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, கைவினைஞர்களின் உதவியோடு வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தி அதைச் சரிசெய்தார். பழந்தமிழ்க் கட்டடக் கலையும் புதிய அளவைக் கலையும் ஒரே கோயிலின் உச்சியில் சந்தித்த நேரம் அது.

அளவைப் பள்ளி பல பெயர் மாற்றங்களைக் கண்டு, 1850-களின் இறுதியில் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டியின் செங்கல் கட்டடத்துக்குக் குடிவந்தது. இதற்கிடையே கோடு வரைவதற்குத் தனி வழி ஒன்று பிறந்திருந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் சென்னையில் தம் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளி தொடங்கினார். அரசு அதை ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கம் செனட் இல்லத்தை வடிவமைத்த ராபர்ட் சிஸ்ஹோம் பிற்பாடு அதன் தலைவரானார். இன்று எழும்பூரில் கவின்கலைக் கல்லூரியாக நிற்பது அதுதான். அளப்பவன் ஒரு பள்ளியிலும் வரைபவன் இன்னொரு பள்ளியிலுமாகப் பிரிந்த காலம் அது.

1957-ல் இரண்டு வாசல்கள் ஒரே ஆண்டில் திறந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கட்டடக் கலைத் துறை தொடங்கியது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் எழுந்தது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதி அதை நெடுங்காலம் வழிநடத்தினார். முன்னதில் மீட்டரும் கான்கிரீட்டும். பின்னதில் தாளமும் அங்குலமும் கருங்கல்லும். பாடங்கள் வேறானாலும் இரண்டிலும் முதலில் கைக்கு வருவது அளவுகோல்தான்.

கட்டடக் கலைஞர் சட்டம் 1972-ல் வந்தபின் இந்தப் படிப்புக்கு நாடு தழுவிய வரையறை ஏற்பட்டது. 2006-ல் கட்டடக் கலை மன்றம் 'நாட்டா' நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான கோடைக்காலப் பயிலரங்குகள் பெருகியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. படூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று தென்சென்னையைச் சுற்றிக் கட்டடக் கலைத் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் பல. தாம்பரம், மேடவாக்கம் பிள்ளைகளுக்கு இவை எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பயிலரங்கு என்றதும் நினைவுக்கு வருபவை ஃபோம் போர்டு, ஐஸ் குச்சி, டீ ஸ்கொயர், பிளான், செக்ஷன், எலிவேஷன். கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் மாடல் கண்காட்சி. எல்லாம் நல்ல பயிற்சியே. தாளில் இருக்கும் வீட்டைக் கையால் எழுப்பிப் பார்த்த பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கும் துணிவு சாதாரணமானதல்ல.

குறை ஒன்று உண்டு. பெரும்பாலான மாடல்கள் எந்த ஊரிலும் இல்லாத தட்டையான வெள்ளைப் பலகையின்மேல் நிற்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மேற்கு வெயில் எந்தச் சுவரில் இறங்கும் என்ற கேள்விக்கு அந்தப் பலகையில் பதில் கிடையாது. கோவிலம்பாக்கம் பகுதிக்கோ அந்தக் கேள்விதான் உயிர்க் கேள்வி. லாம்டன் சங்கிலி இழுத்த சமவெளிக்குக் கிழக்கே விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இன்று பழைய பரப்பின் ஒரு துண்டுதான். மிஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022-ல் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கத்துத் தெருக்கள் பல நாள் தண்ணீரில் கிடந்தன. அடிக்கோடு முடிந்த பெரும்பாக்கத்தில் இன்று நகருக்குள்ளிருந்து இடம் மாற்றப்பட்ட ஏழை மக்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. எந்த உயரத்தில் தரை இருக்கிறது என்பது அவர்களுக்கு ஏட்டுக் கணக்கு அல்ல.

இதைக் கற்பிக்க அரை டன் கருவி தேவையில்லை. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் நீர் நிற்கும் உயரத்தைச் சுவரில் குறித்தால் தெருவின் வாட்டம் பிடிபட்டுவிடும். கூடவே ஒரு ரசமட்டம், ஒரு தூக்குக்குண்டு, நூறு அடி டேப். ஒரு கொத்தனாரையே இரண்டு நாளுக்கு ஆசிரியராக அழைத்தால், எந்தப் பேராசிரியரும் தர முடியாத பாடம் கிடைக்கும். நாராயணபுரம் ஏரியின் உபரிநீர் சதுப்புநிலத்துக்குப் போகும் வழி, தங்கள் தெருவின் மழைநீர் வடிகால், வீட்டு வாசற்படியின் உயரம் ஆகியவற்றைப் பிள்ளைகளே அளந்து வரையலாம். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் 'மெட்ராஸ் முறை'யும் இதற்குப் பொருந்தும்.

கோவிலம்பாக்கம் இன்னும் ஊராட்சி. அது சேர்ந்திருக்கும் ஒன்றியத்தின் பெயரே புனித தோமையார்மலை, அதாவது அடிக்கோடு தொடங்கிய அதே பரங்கிமலை. மே 1 அன்று கிராம சபை கூடும். கோடை விடுமுறையும் அப்போதுதான். ஏப்ரல் கடைசியில் ஒரு பயிலரங்கு நடத்தி, மாணவர்கள் அளந்த தெருக்களின் மட்டங்களையும் வடிகால்களையும் ஒரே தாளில் வரைந்து அந்தச் சபையில் வைக்கலாம். எந்தத் தெரு எத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கிறது, எந்தக் கல்வெர்ட்டு அடைபட்டிருக்கிறது என்று எண்ணோடு சொல்லும் வரைபடம் ஊரின் கையில் இருந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் எதைத் தூர் வார வேண்டும் என்று கேட்க ஐந்து மாத அவகாசம் கிடைக்கும்.