ஒரு கிட்டார், இரு குரல்கள்: பிரிட்ஜ் பிக்கப்பின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

என்னிடம் இருப்பது ஒரே ஒரு மின்கிட்டார். ஒரு வார இறுதியில், ஐதராபாத்தில் தோழி ஒருவர் பாடும் மெல்லிய ஜாஸ் பாடல்களுக்கு அதை வாசிக்கிறேன்; மறு வார இறுதியில், பல்கலைக்கழக விடுதி மாணவர்களின் ஹெவி மெட்டல் குழுவில் அதே கருவியோடு நிற்கிறேன். அண்மையில் அதன் பிரிட்ஜ் பிக்கப்பின் சுருள் அறுந்துபோனது. ஆய்வு உதவித்தொகையில் புதிதாக ஒன்றுதான் வாங்க இயலும். "இரண்டு இசைக்கும் பொருந்துவது எது?" என்று கேட்டேன். பத்துப் பேர் பத்துப் பெயர்களைச் சொன்னார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. காரணத்தைத் தேடிச் சென்றபோது கிடைத்தது ஒரு வரலாறு. மொழியியல் பயின்றவர்களுக்கும் ஒலியில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே பதிகிறேன்.

முதலில் அடிப்படை. பிக்கப் என்பது நிலைக்காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. வீணையில் 'குதிரை' என்று வழங்கும் உறுப்பே கிட்டாரில் பிரிட்ஜ். அதற்கு அருகில் தந்தியின் அசைவு மிகச் சிறியது; அடிப்படைச் சுரம் அங்கே மெலிந்தும், மேற்சுரங்கள் ஒப்பீட்டளவில் வலுத்தும் இருக்கும். ஆகவே பிரிட்ஜ் பிக்கப் இயல்பிலேயே கூர்மையாகப் பேசும். கழுத்துப் பக்கம் உள்ள பிக்கப்போ உருண்டு திரண்ட ஒலியைத் தரும்.

மொழியியலார்க்கு இது புதிதன்று. குரல்வளையில் எழும் அதிர்வு மூலம். வாய்க்குழியும் மூக்கறையும் வடிகட்டி. குன்னர் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த மூலம்–வடிகட்டிக் கோட்பாட்டைப் பேச்சொலியியல் வகுப்பில் படித்திருப்போம். ஒரே காற்று, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் வெவ்வேறு எழுத்தாகிறது என்ற தொல்காப்பியப் பிறப்பியலின் பார்வையும் இதற்கு அயலானதன்று. தந்தி மூலம் என்றால், பிக்கப் வடிகட்டி. சுருளின் தூண்டல் திறனும் வடத்தின் மின்தேக்குதிறனும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் ஓர் ஒத்ததிர்வு முகட்டை உண்டாக்குகின்றன. உயிரொலிகளை வேறுபடுத்தும் ஃபார்மன்ட்டுகளைப் போல, அந்த முகடு எங்கே அமைகிறது என்பதே பிக்கப்பின் 'உச்சரிப்பை'த் தீர்மானிக்கிறது.

இனி வரலாறு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நடனக் குழுக்களின் ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டார் கேட்கவேயில்லை. ஹவாய் பாணியில் மடியில் வைத்து வாசித்துவந்த ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தீர்வு கண்டார்: தந்திகளை இரு குதிரைலாடக் காந்தங்களுக்கிடையே செலுத்தினார். உருவத்தால் 'வறுசட்டி' என்று பெயர் பெற்ற அக்கருவி 1932இல் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை 1937இல் கிடைத்தது. அன்று கோரப்பட்டது உரத்த ஒலி மட்டுமே. 'எல்லாப் பாணிக்கும் பொருந்துமா?' என்ற கேள்வியே எழவில்லை.

அந்தக் கேள்விக்கு முதல் விடையை, யாரும் கேளாமலேயே தந்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வானொலி பழுதுபார்த்த அவர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950இல் அவர் வெளியிட்டு, 1951 முதல் டெலிகாஸ்டர் என்று வழங்கிய கருவியில், ஒற்றைச் சுருள் பிக்கப் எஃகுத் தகட்டாலான பிரிட்ஜின் உள்ளேயே சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. கீழ்த்தந்திகள் பிரிட்ஜிலிருந்து சற்று விலகியும், மேல்தந்திகள் நெருங்கியும் உணரப்படுமாறு அந்தச் சாய்வு அமைந்தது. கன்ட்ரி இசையின் சொடுக்கும் ஒலி அதிலிருந்தே பிறந்தது. 1969இல் வெளியான லெட் செப்பெலின் குழுவின் முதல் இசைத்தட்டில் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்ததும் டெலிகாஸ்டரைத்தான். நாட்டுப்புறச் சாயலுக்கும் கனத்த ராக்கிற்கும் ஒரே வகைப் பிக்கப் குரல் கொடுத்தது. வேறுபாடு ஒலிபெருக்கியிலும் விரலிலும் இருந்தது.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு. அது தந்தியை மட்டுமல்லாமல், மின்மாற்றிகளும் குழல்விளக்குகளும் உமிழும் மின்காந்த இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் மாறுமின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ். ஆகவே அங்குள்ள ரீங்காரமும் நம் விடுதி அரங்கின் ரீங்காரமும் வெவ்வேறு சுருதி, தொல்லை ஒன்றே.

இதற்கு மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் கண்ட வழி அழகானது. இரு சுருள்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் மின்திசையையும் காந்தத் துருவத்தையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து அழிகிறது. தந்தியின் சைகையோ இருமுறை திரும்பி, ஒன்றோடொன்று கூடுகிறது. 1955இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல் கிடைத்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ரே பட்ஸ் என்பவரும் கிரெட்ச் நிறுவனத்துக்காக இதே கொள்கையில் ஒரு பிக்கப்பை உருவாக்கினார். ரீங்காரத்தை முட்டித் தள்ளுவதால் 'ஹம்பக்கர்' என்ற பெயர் நிலைத்தது.

இங்கே இரு வரலாற்று முரண்கள் கவனத்துக்குரியவை. முதலாவது: ஹம்பக்கர் தூய்மையான, அமைதியான ஒலிக்காகப் படைக்கப்பட்டது. இரு சுருள்கள் தந்தியை இரண்டு இடங்களில் உணர்வதாலும், சுற்றுகள் மிகுவதாலும் அதன் உயர் அதிர்வெண்கள் சற்று மழுங்கின, சைகை வலுத்தது. 1966இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் கிப்சன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஒலிபெருக்கியோடு இணைத்து உச்சத்தில் வாசித்தபோது, அந்த வலுவே ஒலிபெருக்கியைச் சிதறச் செய்தது. தூய்மைக்குச் செய்த கருவி சிதைவொலியின் கருவியாயிற்று.

இரண்டாவது: 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்ற ஒட்டுச்சீட்டோடு வந்த அந்தத் தொடக்கக்காலப் பிக்கப்புகள் இன்று பொன்போல் மதிக்கப்படுகின்றன. ஆனால் அன்றைய சுற்று எண்ணிக்கை துல்லியமாகக் காக்கப்படவில்லை. கையில் கிடைத்த அல்னிகோ காந்தம் பொருத்தப்பட்டது. ஒவ்வொன்றும் சற்றே வேறு. பின்னர் ஒட்டிய சீட்டிலும் நிறுவனம் லவரின் எண்ணை அச்சிடவில்லை; லெஸ் பாலின் பிரிட்ஜ் காப்புரிமை எண்ணை அச்சிட்டது! ஆகவே 'மூல ஒலி' என்று நாம் தேடுவது ஒரு மூலப்பாடம் அன்று, பாடபேதங்களின் தொகுதி. சுவடிப் பதிப்பில் ஈடுபட்ட நண்பர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள்.

1970களில் பிக்கப் தனிச் சந்தைப் பொருளாயிற்று. லாரி டிமார்சியோ 1972இல் செராமிக் காந்தத்தோடு 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்ற வலுமிக்க பிக்கப்பைக் கொண்டுவந்தார். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பணியாற்றிய சீமோர் டங்கன், ஜெஃப் பெக்குக்காக ஒரு டெலிகாஸ்டரில் இரு ஹம்பக்கர்களைப் பொருத்திக் கொடுத்தார். 1975இல் வந்த 'ப்ளோ பை ப்ளோ' தட்டில், மிக மென்மையாக அழும் மெல்லிசைத் துண்டு ஒன்றில் அந்தக் கிட்டார் ஒலிக்கிறது. அதன் பிரிட்ஜ் பிக்கப்பே பின்னாளில் 'ஜேபி' என்ற பெயரில் புகழ்பெற்றது; மெகாடெத் குழுவின் டேவ் மஸ்டெய்ன் போன்ற மெட்டல் கலைஞர்களும் அதையே நாடினார்கள். அழுகைக்கும் ஆவேசத்துக்கும் ஒரே சுருள். எட்டி வான் ஹேலன், பழைய கிப்சன் ஹம்பக்கர் ஒன்றை மெழுகில் தோய்த்து, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டாரின் பிரிட்ஜ் அருகே திருகினார். ஒரு பிக்கப், ஒரு ஒலியளவுத் திருகு, அவ்வளவுதான். அதன்பின் கிட்டார் உலகம் அவ்வடிவத்தைப் பின்பற்றியது.

பல்திறன் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. பீச்சம் பிக்கப்புக்கு வழிவகுத்த அதே ஹவாய் கிட்டாரைப் பிரிஜ்பூஷன் கப்ரா இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தார். உ. ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி மின்மாண்டலினில் கர்நாடக கமகங்களை நீட்டினார். ஒலி மடியாமல் நிற்கும் மின்பெருக்கம் இன்றி அந்த நீட்சி எளிதாகாது. பிக்கப் எந்த இசைக்கும் உரியதன்று. வாசிப்பவர் அதைத் தம் மொழியில் பேசவைக்கிறார்.

இந்த வரலாறு என் தேர்வுக்கு மூன்று செய்திகளைச் சொன்னது.

ஒன்று, வலுவைப் பின்னால் கூட்டலாம். இழந்த உயர் அதிர்வெண்ணை மீட்பது கடினம். மிகுவலுப் பிக்கப் மெட்டலுக்குக் கைகொடுக்கும். ஜாஸ் பாடலில் தோழியின் குரலை மறைத்துவிடும். நடுத்தர வலுவுள்ள ஹம்பக்கரின் ஒலியளவுத் திருகைக் குறைத்தால் அது தெளிகிறது, கூட்டினால் சிதறுகிறது.

இரண்டு, மின்தடை எண்ணை மட்டும் பார்த்து வலுவை அளவிடக் கூடாது. கம்பி மெலிந்தாலே தடை ஏறும். காந்தமும் சுற்றுகளும் சேர்த்தே மதிக்கப்பட வேண்டியவை.

மூன்று, நான்கு வடங்கள் வெளிவரும் பிக்கப்பே வேண்டும். ஒரு சுருளை மட்டும் பிரித்தெடுத்தால் ஒற்றைச் சுருளின் சாயல் வரும். வலு குறையும், ரீங்காரமும் திரும்பும். இரு சுருள்களையும் பக்க இணைப்பில் வைத்தால் ஒலி தெளியும், ரீங்காரமும் அடங்கியே இருக்கும். என் ஜாஸ் மாலைகளுக்கு இந்தப் பக்க இணைப்பே போதும்.

ஆகவே, அல்னிகோ ஐந்து காந்தமும் பழைய அளவை ஒட்டிய சுற்றுகளும் நான்கு வடங்களும் கொண்ட ஒரு ஹம்பக்கரை வாங்கி, இழுத்தால் பக்க இணைப்புக்கு மாறும் திருகு ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்தேன். மெட்டல் குழுவில் டிரம் வாசிக்கும் இளவல், "அண்ணா, பழையதைவிட இது கொஞ்சம் மெல்லிசுதான்" என்றார். உண்மைதான், ஒலிபெருக்கியில் ஒரு புள்ளி கூட்டினேன். தோழி மறுவாரம் பாடி முடித்து, "இன்றைக்குத்தான் என் குரல் எனக்குக் கேட்டது" என்றார்.

பல்திறன் என்பது எல்லாவற்றுக்கும் நடுவே நின்று எதுவுமாகாத ஒலி அன்று. எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பிவரக்கூடிய ஒலி அது. இரு மொழி பேசுபவர் இரண்டுக்கும் இடையே ஒரு கலவையைப் பேசுவதில்லை, இடமறிந்து மாறுகிறார். பிக்கப்பிடமும் நாம் கேட்க வேண்டியது அதையே.

பிழை கண்டால் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.